மார்கழிக் கோலப் பக்கத்தில் புள்ளிக் கணக்கு எங்கே?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். மார்கழி மாதம் முழுக்கத் தங்கள் நாளிதழில் வாசகியர் கோலங்களுக்கு ஒரு பக்கம் ஒதுக்குகிறீர்கள். வருஷா வருஷம் விடாமல் செய்கிறீர்கள், அதற்கு முதலில் நன்றி. ஆனால் அந்தப் பக்கத்தைப் பார்த்துவிட்டு யாராவது மறுநாள் விடிகாலையில் அதே கோலத்தைத் தன் வீட்டு வாசலில் போட முடியுமா என்று கேட்டால், முடியாது என்றுதான் சொல்வேன். படம் இருக்கிறது, போட்டவர் பெயர் இருக்கிறது, ஊரும் இருக்கிறது. எத்தனை புள்ளி, நேர்ப்புள்ளியா (ஒன்றுக்கு நேர்கீழே ஒன்று) இடைப்புள்ளியா (இரண்டுக்கு நடுவே ஒன்று), எத்தனையில் கொண்டுவந்து முடிக்க வேண்டும் என்பது மட்டும் இல்லை. சரி, படத்தைப் பார்த்து எண்ணிக்கொள்ளலாம் என்றால் புள்ளியே கண்ணுக்குத் தெரிவதில்லை.

நான் மயிலாடுதுறையில் டிடிபி கடை வைத்திருக்கிறேன். கல்யாணப் பத்திரிகை, பில் புக், விசிட்டிங் கார்டு, ஸ்டிக்கர் கட்டிங் எல்லாம் உண்டு. பொங்கல் நெருங்கினால் கோல ஸ்டிக்கர் கேட்டு ஆட்கள் வருவார்கள். பெரும்பாலும் அடுக்குமாடிக் குடியிருப்புக்காரர்கள். வாசல் என்று அவர்களுக்கு இருப்பது டைல்ஸ் போட்ட நடைவழிதான், அதில் மாவு சிந்தினால் எதிர்வீட்டார் முகம் சுளிப்பார்கள். மொபைலில் ஒரு படத்தைக் காட்டி, "இதை அப்படியே ரெண்டடிக்கு ரெண்டடி வெட்டிக் குடுங்கக்கா" என்பார்கள். குடும்ப வாட்ஸ்அப் குழுவில் வந்த படமாக இருக்கும், இல்லாவிட்டால் ஏதாவது பத்திரிகைப் பக்கத்தை மேலேயிருந்து போட்டோ எடுத்ததாக இருக்கும்.

ஸ்டிக்கர் வெட்டும் மெஷினுக்குப் படம் என்றால் என்னவென்று தெரியாது. அதற்குக் கோடு வேண்டும். இங்கே தொடங்கு, இப்படி வளை, இங்கே வந்து சேர் என்று சொன்னால் அதன் கத்தி அதன் வழியே போகும். கோரல் டிரா என்ற டிசைன் மென்பொருளில் படத்தைப் போட்டு ட்ரேஸ் கொடுத்தால் கோடு தானாக வரும் என்பார்கள். வரும், இழைக்கு இழை கம்பளிப்பூச்சி மாதிரி மயிர் முளைத்து வரும். புள்ளிகளைச் சுற்றி இழை பின்னிப் போகும் சிக்குக் கோலத்தில் வழுவழுவென்று திரும்ப வேண்டிய ஒரு வளைவில் நாலு முனை போதும். ட்ரேஸ் பண்ணினால் அங்கே நாற்பது முனை இருக்கும். கத்தி அத்தனை இடத்திலும் தயங்கித் திரும்பும், வினைல் கிழியும். பிறகு இழைகளுக்கு நடுவே இருக்கும் வேண்டாத துண்டுகளை ஒவ்வொன்றாக ஊசியால் பிடுங்க வேண்டும். பிசிறு நிறைந்த கோலத்தில் அந்த வேலையைச் செய்கிறவருக்குத்தான் கோபம் எப்படி வரும் என்று தெரியும்.

இந்தப் பிசிறு கோலம் போட்டவரின் கையில் இல்லை, படம் சேமிக்கப்படும் ஜேபெக் முறையில் இருக்கிறது. 1992-இல் தரமாக அறிவிக்கப்பட்ட ஜேபெக் புகைப்படங்களுக்காகச் செய்யப்பட்டது. பிக்சல் என்பது படத்தின் மிகச் சிறிய சதுரம். படத்தை எட்டுக்கு எட்டு பிக்சல் கட்டங்களாகப் பிரித்துக்கொள்ளும். ஒவ்வொரு கட்டத்துக்குள்ளும் வெளிச்சம் எப்படி ஏறி இறங்குகிறது என்று அலை அலையாகக் கணக்கெடுக்கும். மெதுவான ஏற்ற இறக்கத்தைப் பத்திரமாக வைத்துக்கொண்டு, சட்டென்று ஏறி இறங்குவதை, கண் அவ்வளவாகக் கவனிக்காது என்ற தைரியத்தில், தோராயமாக்கிவிடும். முகம், வானம், இலை, புடவை மடிப்பு என்று நிறம் மெல்ல மாறும் படங்களுக்கு இது அருமையான ஏற்பாடு. கோப்பு பத்தில் ஒரு பங்காகச் சுருங்கினாலும் வித்தியாசம் தெரியாது.

கோலத்தில் மெல்ல மாறுவது எதுவுமே இல்லை. சாணம் தெளித்த கருந்தரை முடிகிற இடத்தில் வெள்ளைக் கோடு சட்டென்று ஆரம்பிக்கிறது, ஒரு விரல் அகலத்துக்குள் சட்டென்று முடிகிறது. ஜேபெக் தோராயமாக்கும் சமாச்சாரம் அது ஒன்றேதான். அதனால்தான் கோட்டின் இரு புறமும் கொசு மொய்த்தது போல் சாம்பல் பொட்டுகள் தெரிகின்றன. நிறத்துக்கு நடப்பது இன்னும் மோசம். மொபைல் ஜேபெக்கில் வெளிச்சத்தை முழு நுணுக்கத்தில் வைத்துக்கொண்டு, நிறத்தை மட்டும் நீளத்தில் பாதி, அகலத்தில் பாதி என்று குறைத்து வைப்பது வழக்கம். வெள்ளிக்கிழமை மாக்கோலம் போட்டு ஓரத்துக்குக் காவி கட்டும் வீடுகளின் படத்தைப் பெரிதாக்கிப் பாருங்கள். மாவும் காவியும் சேரும் இடத்தில் ரோஸ் நிறத்தில் ஒரு கசிவு இருக்கும். தரையில் அப்படி எதுவும் கிடையாது.

இதற்கு மேல் அந்தப் பக்கத்துக்காக நீங்கள் வைக்கும் கோலப் போட்டியின் விதிமுறை வேறு இருக்கிறது. படம் ஜேபிஜியாக (அதே ஜேபெக்தான்) இருக்க வேண்டும், 200 கேபிக்குள் இருக்க வேண்டும் என்கிறீர்கள். ஐபோன்காரர்களின் படம் 2017-க்குப் பிறகு பெரும்பாலும் ஹெச்இஐசி என்ற வேறு வகைக் கோப்பாகச் சேமிக்கப்படுகிறது. அதை உங்கள் பக்கம் ஏற்காது, அதனால் அவர்கள் மாற்றித் தரச் சொல்லி என் கடைக்கு வருகிறார்கள். மற்றவர்கள் வாட்ஸ்அப்பில் தங்களுக்கே அனுப்பிக்கொண்டு, சுருங்கி வந்ததைச் சேமித்து உங்களுக்கு ஏற்றுகிறார்கள். ஏற்கெனவே தோராயமானது இன்னொரு தரம் தோராயமாகிறது.

கணக்குப் போட்டே காட்டுகிறேன். 15 புள்ளிக் கோலம் ஐந்தடி அகலம் இருக்கிறது, கோடு எட்டு மில்லிமீட்டர் தடிமன் என்று வையுங்கள். மொபைல் 4000-க்கு 3000 பிக்சலில் எடுக்கிறது. வாட்ஸ்அப் சாதாரணமாக அனுப்பும்போது அதை 1600 அளவுக்குக் குறைக்கிறது. வாசல்படி, செருப்பு, பைக் சக்கரம் எல்லாம் போகப் படத்தில் பாதி அகலம்தான் கோலம், அதாவது 800 பிக்சல். கோடு அதில் நாலு பிக்சல். அதை நீங்கள் பக்கத்தில் நாலரை சென்டிமீட்டருக்குச் சுருக்குகிறீர்கள். பத்திரிகைத் தாளுக்கு வழக்கமான 200 டிபிஐ (ஒரு அங்குலத்துக்கு 200 பிக்சல்) என்றால் மொத்தப் படமே சுமார் 350 பிக்சல். கோடு ஒரு பிக்சல்கூட இல்லை. அதன் மேல் அச்சுக்கான நாலு வண்ணப் பொட்டுகள் வேறு விழுகின்றன. புள்ளி எங்கே பிழைக்கும்?

புள்ளி போனால் என்ன, இழை தெரிகிறதே என்று உங்கள் வடிவமைப்பாளர் கேட்கலாம். சிக்குக் கோலத்தில் புள்ளிக் கணக்கு ஒன்று மாறினால் கோலமே வேறாகிவிடும். மூன்றுக்கு மூன்று நேர்ப்புள்ளி வைத்து, ஒவ்வொரு புள்ளியையும் சுற்றி நேராகப் பின்னிக்கொண்டே போய்ப் பாருங்கள். மூன்று தனித்தனி வளையங்களாக முடியும். ஒரு வரிசை கூட்டி மூன்றுக்கு நாலாக வையுங்கள். அதே பின்னல்தான், ஆனால் கையை எடுக்காமல் ஒரே இழையில் மொத்தமும் முடிந்துவிடும். ஐந்துக்கு ஐந்து என்றால் ஐந்து இழை, ஐந்துக்கு ஆறு என்றால் ஒரே இழை. இரண்டு எண்களுக்கும் மீப்பெரு பொது வகுத்தி என்னவோ அத்தனை இழை. பள்ளிக்கூடக் கணக்குதான். ஓரத்து வரிசை மங்கிப்போன படத்தைப் பார்த்துப் போடுகிறவர் பாதியில் எழுந்து நின்று தலையைச் சொறிவது இதனால்தான்.

லெட்டர்பிரஸ் காலத்துக் கோலப் புத்தகங்கள் என்னிடம் சில இருக்கின்றன. பஸ் ஸ்டாண்டு பெட்டிக்கடையில் தொங்கிய சிறு புத்தகங்கள். தாள் பழுப்பேறிவிட்டது, மை ஓரத்தில் பிதுங்கியிருக்கிறது, ஆனால் ஒரு புள்ளியை எண்ணுவதில் சந்தேகம் வராது. அப்போது கோலத்துக்குத் துத்தநாகத்தில் லைன் பிளாக் செய்வார்கள். கோடு இருக்கும் இடம் மேடு, இல்லாத இடம் பள்ளம், நடுவில் சாம்பல் என்று ஒன்று கிடையாது. கீழே "இடைப்புள்ளி 15 - 8" என்று பொடி எழுத்தில் ஒரு வரி. நாலு வண்ண அச்சு, பளபளா தாள் எல்லாம் வந்த பிறகு கோலத்தைப் பொறுத்தவரை நாம் பின்னுக்குப் போயிருக்கிறோம்.

அந்த ஒரு வரியைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். 15 - 8 இடைப்புள்ளி என்றால், நடுவரிசையில் 15, அதற்கு மேலும் கீழும் இடைவெளியில் 14, பிறகு 13 என்று குறைந்துகொண்டே போய் 8-இல் நிற்கும். 15 வரிசை, மொத்தம் 169 புள்ளி. இத்தனையும் இரண்டு எண்ணிலும் ஒரு வார்த்தையிலும் அடங்கிவிடுகிறது, ஒன்றுகூடத் தொலையாமல். (எங்கள் பக்கம் இதை ஊடுபுள்ளி என்போரும் உண்டு, சந்துப்புள்ளி என்போரும் உண்டு.) என் மாமியார் திருவாரூரில் இருக்கும் தங்கையிடம் போனில் பேசும்போது, "பதினஞ்சு, எட்டு, இடை. நடுவுல ஆறு இதழ் தாமரை, மூலைக்கு மூலை சங்கு" என்பார். அவ்வளவுதான். மறுநாள் அந்தக் கோலம் திருவாரூர் வாசலில் இருக்கும். ஒரு பிக்சல்கூடப் பயணம் செய்யவில்லை.

இதில் கணிப்பொறிக்காரர்களுக்கு வேலை இருக்கிறது என்று நம் ஊரிலேயே எப்போதோ கண்டுகொண்டார்கள். தாம்பரம் சென்னைக் கிறிஸ்தவக் கல்லூரியைச் சேர்ந்த கிஃப்ட் சிரோமணி, ராணி சிரோமணி, கமலா கிருதிவாசன் மூவரும் சேர்ந்து, கோலங்களை விதிகளால் உருவாக்குவது எப்படி என்று 1974-இலேயே ஆய்வுக் கட்டுரை எழுதியிருக்கிறார்கள். ஒரு வாக்கியத்துக்கு இலக்கணம் இருப்பதுபோல் கோலத்துக்கும் இருக்கிறது, சின்னக் கோலத்திலிருந்து அதே குடும்பத்தின் பெரிய கோலம் எப்படி வளர்கிறது என்று விதி எழுதிக் காட்டலாம் என்பது அதன் சாரம். ஜேபெக் வருவதற்குப் பதினெட்டு வருஷம் முந்திய சங்கதி. கோலத்தைப் படமாகப் பார்க்காமல் கட்டளையாகப் பார்க்கும் வழி இங்கேயே பிறந்திருக்க, நாம் 200 கேபி ஜேபிஜியில் போய் நிற்கிறோம்.

என் மாமியாரின் கோல நோட்டுகளை இந்த வருஷம் ஸ்கேன் செய்யத் தொடங்கினேன். கட்டம் போட்ட கணக்கு நோட்டு, பழைய டைரி, பிள்ளைகள் பாதியில் விட்ட ரெக்கார்டு நோட்டு எல்லாம் கலந்து கிடக்கிறது. புள்ளி பென்சிலில், இழை பேனாவில். மூலையில் கணக்கு. சில பக்கத்தில் "நடு வரிசையில் கை மாற்று" மாதிரிக் குறிப்புகள். மை பின்பக்கம் ஊறியிருந்தால் ஸ்கேனில் இரண்டு கோலமும் ஒன்றாகத் தெரியும். தாளுக்குப் பின்னால் ஒரு கறுப்பு சார்ட் அட்டையை வைத்துவிட்டால் பாதித் தொல்லை தீர்ந்துவிடும். கட்டக் கோடுகள் நீலம், இழை கறுப்பு மை என்றால் இன்னும் சுலபம். வண்ணத்தில் ஸ்கேன் செய்து நீல ஒளி மட்டும் பதிந்த சேனலை எடுத்தால் நீலக் கட்டம் தாளோடு கரைந்துபோகும், இழை நிற்கும். அவர் நீலப் பேனாவில் வரைந்த பக்கங்களில் இந்த வித்தை பலிக்காது, கோலமும் சேர்ந்து கரைந்துவிடும். அவற்றைக் கையால்தான் சுத்தம் செய்கிறேன்.

600 டிபிஐயில் எடுத்து, முதலில் டிஃப் அல்லது பிஎன்ஜி கோப்பாக வைத்துக்கொள்கிறேன். பிஎன்ஜி 1996-இல் வந்தது. ஜிஐஎஃப் முறையில் இருந்த காப்புரிமைத் தகராறுக்கு மாற்றாகச் செய்தார்கள். சுருக்கும், ஆனால் ஒரு பிக்சலையும் கைவிடாது. கறுப்பு வெள்ளை இரண்டே நிறமாக மாற்றிவிட்டால் ஒரு நோட்டுப் பக்கக் கோலம் சில நூறு கேபியைத் தாண்டாது. நீங்கள் கேட்கிற 200 கேபிக்குள்ளேயே பலது அடங்கும், அதுவும் மங்காமல்.

நன்றாக வந்த கோலங்களை அதன்மேல் மறுபடி கோடாக வரைந்து எஸ்விஜியாகச் சேமிக்கிறேன். அதில் படம் என்று எதுவும் இல்லை. புள்ளியின் இடம், இழையின் வளைவு எல்லாம் எண்களாக எழுதியிருக்கும். நோட்பேடில் திறந்தால் வாசிக்கலாம். 2001-இலிருந்து பொதுத் தரமாக இருப்பதால் எந்தக் கம்பெனியின் மென்பொருளையும் நம்பியிருக்க வேண்டியதில்லை. விசிட்டிங் கார்டு அளவிலும் அச்சடிக்கலாம், தேரடித் தெரு அகலத்துக்கும் நீட்டலாம். எங்கள் தொழிலில் எல்லோரும் கோரல் டிராவின் சிடிஆர் கோப்பாகவே வைத்துக்கொள்வார்கள். புது வெர்ஷனில் சேமித்ததைப் பழைய வெர்ஷன் திறக்காது. ஒரு கடையின் மொத்த டிசைனும் பழைய ஹார்ட் டிஸ்கில் பூட்டிக் கிடப்பதை மாதத்துக்கு ஒரு தரமாவது பார்க்கிறேன்.

கோலம் என்பதே அழிகிற பொருள்தானே, காலையில் போட்டதை எறும்பு தின்று, சைக்கிள் மிதித்து, மறுநாள் விளக்குமாறு கூட்டித் தள்ளுகிறது, அதைப் போய் இப்படிக் கட்டிக் காப்பானேன் என்று என் கணவரே கேட்கிறார். கேரளத்தில் களமெழுத்து என்று ஐந்து நிறப் பொடியில் தேவி உருவத்தை மணிக்கணக்காக வரைந்து, சடங்கு முடிவில் அழித்துவிடுகிறார்கள். அரிசி மாவு வெள்ளைக்கு, மஞ்சள்தூள் மஞ்சளுக்கு, உமிக்கரி கறுப்புக்கு, இலைப்பொடி பச்சைக்கு, மஞ்சளும் சுண்ணாம்பும் சேர்ந்தால் சிவப்பு. திபெத்தியத் துறவிகள் வண்ண மணலில் நாட்கணக்காக உழைத்து மண்டலம் போட்டு, கூட்டி அள்ளி ஆற்றில் விடுகிறார்கள். இவர்கள் எல்லாம் மனசு வலிக்காமல் அழிக்க முடிவதற்குக் காரணம் இருக்கிறது. அடுத்த முறை அதே அளவில் அதே உருவத்தை வரைய, பழகிய கைகள் அங்கே உண்டு. குரு சிஷ்யன் என்று அளவும் வரிசையும் இறங்கிக்கொண்டே வருகிறது. நம் வாசலில் அந்தச் சங்கிலி அறுந்துகொண்டிருக்கிறது. குழலை உருட்டினால் கோலம், அச்சை அழுத்தினால் கோலம் என்று பழகிய பிள்ளைகளுக்கு இடைப்புள்ளி வைக்கத் தெரியவில்லை. மாவு போகட்டும், கணக்குப் போகக்கூடாது.

ரங்கோலிக்கு நான் சொல்லும் எதுவும் பொருந்தாது என்பதையும் சொல்லிவிடுகிறேன். கோலப்பொடியில் சன்ன மணல் கலந்து, விரலிடுக்கில் வழியவிட்டு, மயில் கழுத்துக்கு நீலத்திலிருந்து பச்சைக்கு இழைத்துக் கொண்டுபோகிறார்களே, அது மெல்ல மாறும் நிறம். அதற்குப் புகைப்படம்தான் சரி, ஜேபெக்தான் சரி. போட்டியில் இரண்டையும் ஒரே விதியில் அடைப்பதில்தான் எனக்குத் தகராறு.

ஆகவே அடுத்த மார்கழிக்குப் புள்ளிக் கோலத்தைத் தனியாகக் கேளுங்கள். படத்தோடு புள்ளிக் கணக்கையும் எழுதச் சொல்லுங்கள், எழுதாவிட்டால் வெளியிட மாட்டோம் என்றே சொல்லுங்கள். வாசல் படம் கட்டாயமில்லை, நோட்டில் வரைந்த பக்கம் போதும் என்றால் இன்னும் நல்லது. வாசலிலிருந்து சாய்வாக எடுத்தால் வட்டம் முட்டையாகிவிடும், மாடிப்படியிலோ ஸ்டூலிலோ ஏறி நேர் மேலிருந்து எடுக்கச் சொல்லுங்கள். வாட்ஸ்அப்பில் அனுப்புவதானால் போட்டோவாக அனுப்பாமல் டாகுமெண்டாக அனுப்பினால் சுருங்காது. ஒரு எச்சரிக்கையும் சேர்த்துப் போட வேண்டும். மொபைல் கேமராவில் லொகேஷன் போட்டிருந்தால், எடுத்த இடம் கோப்புக்குள்ளேயே பதிந்துவிடும். போட்டோவாக அனுப்பும்போது வாட்ஸ்அப் அதை உரித்துவிடுகிறது. டாகுமெண்டாக அனுப்பினால் அப்படியே வரும். எடுத்தது தன் வீட்டு வாசல். பெயரோடு வீடும் தெரிய வேண்டியதில்லை. முதலில் லொகேஷனை அணைத்துவிட்டுத்தான் எடுக்க வேண்டும்.

இந்தக் கடிதத்துடன் என் மாமியார் நோட்டிலிருந்து 13 - 7 இடைப்புள்ளிக் கோலம் ஒன்றை எஸ்விஜியாக இணைத்திருக்கிறேன். திறக்க முடியாவிட்டால் அதே கோலத்தின் பிடிஎஃப்பும் கூடவே இருக்கிறது. வெளியிடுவதானால் வெள்ளைத் தரையில் கறுப்புக் கோடாகவே போடுங்கள். அழகுக்காகக் கறுப்புக் கட்டத்தில் வெள்ளைக் கோடாகத் திருப்பிப் போட்டால், உங்கள் தாளில் மை பரவி மெல்லிய இழைகளை மூடிவிடும். கோட்டைக் கறுப்பு மையில் மட்டும் அச்சிடச் சொல்லுங்கள். நாலு மையும் கலந்தால் அச்சுத் தட்டுகள் மயிரிழை விலகினாலே இழை இரட்டையாகத் தெரியும்.

இப்படிக்கு,
டிடிபி கடை நடத்தும் வாசகி,
மயிலாடுதுறை